கொதிக்கும் கார்டும் ஒரு ப்ரொவிஷன் என்ட்ரியும்

பேங்க்காரனுக்கு "ப்ரொவிஷன்" என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். கொடுத்த கடன் திரும்பி வராது என்று தெரிந்துவிட்டால், வரப்போகும் நஷ்டத்துக்கு லாபத்திலிருந்து இப்போதே எடுத்து ஒதுக்கி வைக்க வேண்டும். வாயால் என்ன சமாதானம் வேண்டுமானாலும் சொல்லலாம். "பார்ட்டி நல்ல பார்ட்டி சார், அடுத்த மாசம் கட்டிடுவார்" என்று ஆடிட்டரிடம் சிரிக்கலாம். ஆனால் புத்தகத்தில் அந்த என்ட்ரி விழுந்துவிட்டால் உண்மையை ஒத்துக்கொண்டாயிற்று என்று அர்த்தம்.

2008 ஜூலை 2-ம் தேதி அப்படி ஒரு அறிவிப்பு அமெரிக்காவில் வந்தது. கிராபிக்ஸ் சில்லு செய்யும் என்விடியா கம்பெனி, லேப்டாப்களுக்கு விற்ற தன்னுடைய முந்தைய தலைமுறைச் சில்லுகளில் சில வகைகள் வழக்கத்தைவிட அதிகமாகச் செத்துப்போகின்றன, அதற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கப்போகிறோம் என்று சொன்னது. அடுத்த நாளே பங்கு விலை சுமார் 30 சதம் விழுந்தது. அந்தக் காலாண்டுக் கணக்கில் கடைசியாக எழுதியது 19.6 கோடி டாலர். அதோடு முடியவில்லை, 2010-ல் மறுபடி ஒரு 19.39 கோடி!

கம்ப்யூட்டர் சூடாவதைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொல்லிவிட்டு இவன் ஏன் பேலன்ஸ் ஷீட் படிக்கிறான் என்று கேட்பீர்கள். பி.காம் புத்தி, வேறென்ன :-) ஆனால் காரணம் இருக்கிறது. "உங்க வீட்ல தூசி சார்", "நீங்க ரொம்ப நேரம் ஓட்டறீங்க", "இந்த ஊர் க்ளைமேட் அப்படி" என்று இத்தனை வருஷமாக நம் தலையிலேயே கட்டப்பட்டு வந்த ஒரு குற்றத்துக்கு, செய்தவனே தன் கணக்குப் புத்தகத்தில் எழுதிய சாட்சி அது.

நான் கரூர்க்காரன். மாற்றலாகித் தம்பானூர் வந்து வருஷங்கள் ஓடிவிட்டன. ஒரு பக்கம் ரயில் ஸ்டேஷன், எதிரே கே.எஸ்.ஆர்.டி.சி பஸ் ஸ்டாண்டு. ஊருக்குப் போக ஆசை வந்தால் பத்து நிமிஷத்தில் வண்டி ஏறலாம், லீவு கிடைப்பதுதான் கஷ்டம். இங்கே சுற்றுவட்டாரத்தில் நம்மவர்கள் நிறைய. பேங்க்கில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவனுக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேரும் தெரியும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. (டாக்டரின் டிரைவரிடம் மருந்து கேட்பது மாதிரி.) அப்படித்தான் சாலை பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் தன் வீட்டுப் பழைய பொட்டியைப் பற்றிச் சொன்னார். 2008-ல் மகன் கேம் விளையாட வாங்கியது. மகன் இப்போது துபாயில். ஆன் செய்தால் கால் மணி நேரத்தில் திரை உறைந்துவிடும், அப்புறம் கறுப்பு. கடையில் காட்டினால் திறந்துகூடப் பார்க்கவில்லையாம். "இதொக்கெ பழயதல்லே சாறே, புதியதொரெண்ணம் வாங்கிச்சூடே?" என்று அனுப்பிவிட்டார்கள்.

அண்ணாச்சிக்குப் புதுசு வாங்கக் காசில்லாமல் இல்லை. "தம்பி, அதுக்குள்ளதான் அவ போட்டோ எல்லாம் இருக்கு" என்றார். அவர் மனைவி இறந்து பல வருஷம் ஆகிறது.

பொட்டி என்ன ஆயிற்று என்று பிறகு சொல்கிறேன். முதலில் இந்தக் கார்டுகள் எப்போதிருந்து கொதிக்க ஆரம்பித்தன என்று பார்ப்போம்.

1996-ல் த்ரீடிஎஃப்எக்ஸ் கம்பெனியின் வூடூ கார்டு வந்தபோது, அதன் சில்லுகளின் மேல் ஒன்றுமே கிடையாது. காத்தாடி இல்லை, அலுமினியத் தகடுகூட இல்லை. மொட்டையாக இருக்கும், தொட்டால் கொஞ்சம் சுடும், அவ்வளவுதான். 1999-ல் என்விடியா ஜிஃபோர்ஸ் 256-ஐ "உலகின் முதல் ஜிபியு" என்று விளம்பரம் செய்து இறக்கியபோது அதன் தலையில் ஒரு குட்டிக் காத்தாடி சுற்றியது. 2003-ல் வந்த ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ராவுக்கு இரண்டு ஸ்லாட் இடத்தை அடைக்கும் கூலர். அது போட்ட சத்தத்தில் ஊரே சிரித்தது. அந்தக் கம்பெனி ஆட்களே தங்கள் கார்டைச் சருகு ஊதித் தள்ளும் மெஷினாகக் காட்டி, தங்களையே கிண்டலடித்து ஒரு வீடியோ எடுத்தார்கள். அந்த ஒரு விஷயத்துக்கு அவர்களைப் பாராட்ட வேண்டும்.

ஏழே வருஷத்தில் மொட்டைத் தலையிலிருந்து சருகு ஊதும் மெஷின். ஏன்?

கார்டு குடிக்கிற கரண்டெல்லாம் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். பல்பு என்றால் கொஞ்சம் வெளிச்சமாவது மிஞ்சும். கார்டுக்கு அதுவும் இல்லை. 100 வாட் கார்டு என்றால் உங்கள் அறைக்குள் 100 வாட் அடுப்பு எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் சில்லுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் சின்னதாகச் சின்னதாக அது குடிக்கும் கரண்டும் குறைந்துகொண்டே வந்தது. 2004-ஐ ஒட்டி அந்த வசதி தீர்ந்துபோனது. சின்னதாக்கினாலும் கரண்டு கசிந்தது, சூடு ஏறியது.

இதில் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது ஒன்று. இதே சிக்கல் ப்ராசஸர் செய்யும் இன்டெலுக்கும் வந்தது. 2004 பிப்ரவரியில் வந்த ப்ரெஸ்காட் என்ற பென்டியம் 4 சூட்டுக்குப் பேர் போனது. அதற்கு அடுத்து வரவேண்டிய தேஜாஸ் என்ற சில்லை (ஆமாம், நம்ம தேஜஸ் மாதிரியே பெயர்) 2004 மே மாதத்தில் இன்டெல் ரத்து செய்துவிட்டு ரூட்டையே மாற்றியது. 2006-ல் வந்த கோர் 2 டுவோ பெரும்பாலும் 65 வாட்டோடு அடங்கிவிட்டது. கிராபிக்ஸ் கார்டுக்காரர்கள் அடங்கவில்லை. 2006 நவம்பரில் வந்த 8800 ஜிடிஎக்ஸில் 68 கோடி டிரான்சிஸ்டர். 2010 மார்ச்சில் வந்த ஜிடிஎக்ஸ் 480-ல் சுமார் 300 கோடி, 250 வாட். மதர்போர்டு ஸ்லாட் கொடுப்பது 75 வாட்தான். அது போதாமல் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி ஒயர் இழுத்தார்கள். ஆறு ஊசி ஒயரில் இன்னொரு 75, எட்டு ஊசியில் 150. அன்று ஆரம்பித்த ஓட்டம் இன்னும் நிற்கவில்லை. 2022-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090-க்கு 450 வாட், 2025 ஜனவரியில் வந்த 5090-க்கு 575. 4090 வந்த அதே மாதத்தில் சிலருடைய கரண்டு கனெக்டரே உருகியது.

நடுவில் 2007 அக்டோபரில் 8800 ஜிடி என்று ஒரு கார்டு வந்தது. விலைக்கு நல்ல வேகம், சக்கைப்போடு போட்டது. சத்தம் போட்டால் மறுபடி சிரிப்பார்கள் என்று அதன் ஒற்றை ஸ்லாட் காத்தாடியை மெதுவாகவே ஓட விட்டார்கள். கேம் ஓட்டினால் சாதாரணமாக 90 டிகிரியைத் தாண்டியது. சத்தமா சூடா என்றால் சூட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். சத்தம் விமர்சகர் காதுக்குக் கடையில் வந்த முதல் நாளே கேட்டுவிடும். சூட்டின் விளைவு தெரிய இரண்டு மூன்று வருஷம் ஆகும், அதற்குள் வாரண்டி முடிந்திருக்கும். அப்படிக் கணக்குப் போட்டார்களா என்று என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் கடன் கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்தவனுக்கு இந்த மாதிரிக் கணக்கு கண்ணில் படாமல் போகாது.

இனி அந்த ப்ரொவிஷனுக்கு வருவோம்.

சில்லின் அடியில் கடுகைவிடப் பல மடங்கு சிறிய உலோகப் பொட்டுகள் நிறைய இருக்கும். அவைதான் சில்லை அதன் அடித் தகட்டோடு இணைக்கின்றன. சூடானால் சிலிக்கன் கொஞ்சம்தான் விரியும், அடித் தகடு அதைவிடப் பல மடங்கு விரியும். ஆறினால் இரண்டும் சுருங்கும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்போமே, அதே கதைதான். ஆன், ஆஃப், ஆன், ஆஃப் என்று ஒவ்வொரு முறையும் அந்தப் பொட்டுகள் கொஞ்சம் வளைந்து நிமிர்கின்றன. அதைத் தாங்கத்தான் சில்லுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு பசையை ஊற்றி இறுக வைப்பார்கள். அந்தப் பசை வேலை செய்யும் சூட்டிலேயே இளகிவிட்டால் பாரமெல்லாம் பொட்டுகளின் தலையில் விழும். ஒருநாள் விரிசல் விடும். என்விடியா அதிகாரபூர்வமாகச் சொன்னது "பலவீனமான பொருள்" என்ற அளவில்தான். கூடவே லேப்டாப் கம்பெனிகளின் வடிவமைப்பும் பயன்படுத்தும் விதமும் காரணம் என்று பழியைக் கொஞ்சம் பகிர்ந்துகொண்டது. பொட்டும் பசையும் ஒன்றுக்கொன்று பொருந்தாத கூட்டணி என்ற விளக்கம் அப்போது பத்திரிகையாளர்கள் தோண்டி எழுதியது.

இவர்கள் மட்டும் இல்லை. ஒரு வருஷம் முன்பு, 2007 ஜூலையில், மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு மூன்று வருஷ வாரண்டி அறிவித்து 105 முதல் 115 கோடி டாலர் செலவாகும் என்று சொன்னது. அந்தச் சிவப்பு வளையம் நினைவிருக்கும். உண்மைக் காரணத்தை அவர்கள் விவரமாகச் சொன்னது 2021-ல், தங்கள் சொந்த ஆவணப்படத்தில். ஆன் ஆஃப் செய்யும்போது சூடேறி ஆறும் அழுத்தத்தில் உள்ளே இணைப்புகள் உடைந்தன. அதே கம்பி, அதே வளைப்பு. 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பாவில் ஈயம் கலந்த பற்றுவைப்புக்குத் தடை வந்திருந்ததால் பலர் அதன்மேல் பழி போட்டார்கள். புதுக் கலவை கொஞ்சம் முரட்டுத்தனமானது என்பது உண்மை. ஆனால் எல்லாவற்றுக்கும் அதைக் காரணம் சொல்வது சௌகரியமான சாக்கு.

2008-ல் டெல், எச்பி போன்றவர்கள் லேப்டாப்புக்கு பயாஸ் அப்டேட் கொடுத்தார்கள். அது செய்த வேலை? காத்தாடியை அதிக நேரம் ஓட விடுவது! சூடு ஏறி இறங்குவதைக் குறைத்தால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்ற கணக்கு. பிறகு வழக்கு நடந்து 2010-ல் சமரசம் ஆனது. சிலருக்குச் சில்லு மாற்றிக் கொடுத்தார்கள், சிலருக்கு வேறு லேப்டாப். ஆனால் அமெரிக்காவில் வாங்கியவர்களுக்கு மட்டும். அதே சில்லை நம் ஊரில் ஈஎம்ஐ கட்டி வாங்கியவருக்கு அந்தச் சமரசத்தில் இடமே இல்லை. அவர் தூசி தட்டச் சொன்னதைக் கேட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்.

க்ளைமேட் சாக்கு முழுப் பொய்யும் அல்ல. கார்டின் சூடு என்பது அறையின் சூட்டோடு கூடுவது. வெளிநாட்டு விமர்சகர் ஏசி அறையில் 22 டிகிரியில் சோதித்து "80 வருகிறது" என்று எழுதினால், ஏப்ரல் மாதத் தம்பானூரில் 32 டிகிரி அறையில் அது 90. கூடவே கடற்கரை ஈரம். கரூரில் தூசி ஊதினால் பறக்கும், இங்கே ஈரத்தோடு சேர்ந்து அப்பிக்கொள்கிறது. ஆனால் உலகம் முழுக்க விற்கிறவனுக்கு உலகம் முழுக்க 22 டிகிரி இல்லை என்று தெரியாதா?

இதே ஊரில் சூட்டை முறைப்படி கையாண்ட கதையும் உண்டு. நகரத்துக்கு வடக்கே தும்பாவில், விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில், 2011 மே 2-ம் தேதி சாகா-220 என்ற சூப்பர் கம்ப்யூட்டரை அப்போதைய இஸ்ரோ தலைவர் கே. ராதாகிருஷ்ணன் தொடங்கி வைத்தார். நொடிக்கு 220 லட்சம் கோடி கணக்குகள். செலவு சுமார் 14 கோடி ரூபாய். உள்ளே இருந்தது 400 இன்டெல் ஸியான் ப்ராசஸரும் 400 என்விடியா டெஸ்லா 2070-ம். அந்த டெஸ்லா வேறு யாருமில்லை, நாம் மேலே பார்த்த கொதிக்கும் ஜிடிஎக்ஸ் 480-ன் குடும்பம்தான்! மொத்த மின்சாரம் 150 கிலோவாட் என்றார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், கை சும்மா இருக்காதே. நாள் முழுக்க ஓடினால் 3600 யூனிட். அந்தச் சூட்டை வெளியேற்ற ஒன்றரை டன் ஏசியாக வாங்கினால் 28, 29 வேண்டும். ராக்கெட்டின் மேல் காற்று எப்படி மோதும் என்று கணக்குப் போட அங்கே அந்தக் கார்டுகளுக்குத் தனிக் கட்டடம், தனிக் குளிர்ச்சி. அதன் தம்பிகள் நம் வீட்டில், சுவரோரம், மேசைக்கு அடியில், தகர டப்பாவுக்குள்.

(பேங்க்கிலும் இதேதான். 1984-ல் ரங்கராஜன் கமிட்டி சிபாரிசுக்குப் பிறகு கிளைகளுக்கு மெஷின் வந்த காலத்தில், ஏசி அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்று சீனியர்கள் சொல்வார்கள். நான் சேர்ந்தபோதும் சர்வருக்கு ஏசி, கவுண்டரில் எங்களுக்கு ஃபேன்.)

சரி, அண்ணாச்சி பொட்டி. ஒரு ஆறுதல் என்னவென்றால், அந்த 2008 அறிவிப்பு லேப்டாப் சில்லுகளைப் பற்றியது. டெஸ்க்டாப்பில் இடம் உண்டு, காற்று உண்டு, கார்டைக் கழற்றவும் முடியும். அதனால் பழைய டெஸ்க்டாப் சூடானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மூன்றைத்தான்: அடைத்த தூசி, காய்ந்த பேஸ்ட், நின்றுபோன காத்தாடி. மூன்றும் சரி செய்யக்கூடியவை. விரிசல் விட்ட சில்லு வேறு ரகம். பொட்டி நன்றாக ஆறியிருக்கும்போது ஆன் செய்த முதல் வினாடியிலேயே, விண்டோஸ் வருவதற்கு முன்பே, திரையில் கோடும் புள்ளியுமாக வந்தால் அது சூட்டின் தொல்லை அல்ல, இணைப்போ மெமரியோ போய்விட்டது. முதலில் நன்றாக வந்து பிறகு சாகிறது என்றால் நம்பிக்கை வையுங்கள். அண்ணாச்சியுடையது இரண்டாவது வகை.

மெயின் ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கார்டைக் கழற்றினோம். காத்தாடி விரலால் தள்ளினாலும் நகரவில்லை. பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி ஊதினோம். ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கண்டபடி சுற்றிக் கெடும். நடுவில் இருக்கும் ஸ்டிக்கரைப் பாதி உரித்துத் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. (தேங்காய் எண்ணெய் வேண்டாம். கேரளாவாகவே இருந்தாலும் சரி, பிசினாகிவிடும்.) பின்பக்க ஸ்க்ரூக்களைக் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி ஹீட் சிங்க்கைத் தூக்கினால், உள்ளே பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்து உதிர்ந்தது. சில்லுக்கும் உலோகத்துக்கும் நடுவில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளத்தை நிரப்பத்தான் அது. காய்ந்தால் நடுவில் காற்று புகும், காற்று சூட்டைக் கடத்தாது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டு, புதுப் பேஸ்ட் ஒரு அரிசி அளவு வைத்து, மறுபடி குறுக்குக் குறுக்காகவே முடுக்கினோம். மெமரிச் சில்லுகளின் மேல் ரப்பர் மாதிரி இருக்கும் பட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள். கிழிந்தால் அதே தடிமனில் வேறு வாங்கிப் போட வேண்டும், பேஸ்ட் அந்த இடைவெளியை நிரப்பாது.

கார்டை அவனில் வைத்துச் சுடுங்கள் என்று இணையத்தில் பல காலமாக ஒரு வைத்தியம் சுற்றுகிறது. செய்யாதீர்கள். இன்றைய ஈயமில்லாப் பற்றுவைப்பு உருக 217 டிகிரி வேண்டும். அவர்கள் வைப்பது 200 போல. ஒன்றும் உருகாது, விரிசல் விட்ட இணைப்பு சூட்டில் விரிந்து தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும், சில வாரத்தில் பழைய குருடி கதவைத் திறடி. அதற்குள் கெபாசிட்டர் வெடிக்கலாம். அந்தப் புகை படிந்த அவனில் அப்புறம் பிள்ளைகளுக்குக் கேக் செய்ய மனசு வருமா?

மூடியதும் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். முதலில் சாகும் முன் 101 காட்டியது, இப்போது அதே வேலைக்கு 71. எண்பது, எண்பத்தைந்து வரை போனாலும் இந்த வயசுக் கார்டுக்குப் பரவாயில்லை. 95-ஐத் தாண்டினால்தான் கவலை. கேபினெட்டைச் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி வைத்தோம், மூன்று டிகிரி இன்னும் குறைந்தது. செலவே இல்லாத ரிப்பேர் அதுதான்.

ஒன்றை அண்ணாச்சியிடம் மூன்று தடவை சொன்னேன், இங்கேயும் எழுதிவிடுகிறேன். போட்டோ எதுவும் கிராபிக்ஸ் கார்டில் இல்லை, ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கிறது. கார்டு செத்தாலும் படம் சாகாது. மதர்போர்டிலேயே மானிட்டர் சொருகும் இடம் இருந்தால் கார்டைக் கழற்றிவிட்டு அதில் ஓட்டிப் பார்க்கலாம். இல்லாவிட்டால் டிஸ்க்கை மட்டும் கழற்றி, யுஎஸ்பி அடாப்டரில் வேறு கம்ப்யூட்டரில் சொருகிப் படிக்கலாம். "எல்லாம் போச்சு" என்று யாராவது சொன்னால் எது போச்சு என்று கேளுங்கள். பழைய டிஸ்க்குக்கும் வயசாகிறது என்பதால் கார்டு பிழைத்த அன்றே காப்பி எடுக்க உட்கார்ந்தோம்.

2009 தீபாவளி, குற்றாலம், மகள் கல்யாணம் என்று நாலாயிரத்துச் சொச்சம் படங்கள். காப்பி ஆகிற நேரமெல்லாம் அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுத்தோம். ஒன்று இங்கே பீரோவில். இன்னொன்றைத் துணிப்பைக்குள் சுற்றி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில் பாசஞ்சரில் மகள் வீட்டுக்கு அவரே எடுத்துக்கொண்டு போனார்.